ஏழு நாய்கள் திரும்பிய ஆறு: சவ்வாது மலையும் சமூக மானிடவியல் கல்வியும்

வட ஆர்க்காட்டுச் சமவெளியில் நின்று தெற்கிலும் மேற்கிலும் நோக்குவோர்க்கு நீலக்கோடாகத் தோன்றுவது சவ்வாது மலை. கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு கூறாகிய இம்மலை இன்று திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மாவட்டங்களில் பரந்து கிடக்கின்றது. சேயாறு இங்குப் பிறக்கின்றது. சாமையும் கேழ்வரகும் விளையும் இம்மேட்டு நிலத்திற்குச் சமுனாமரத்தூர் தலைமையூர். காவலூரில் வானாய்வுக் கூடம் அமைந்துள்ளது. 1986ஆம் ஆண்டு சனவரியில் திறக்கப்பெற்ற அதன் பெருந்தொலைநோக்கி வைணு பாப்புவின் பெயரைத் தாங்கி நிற்கின்றது. விண்மீன்களைக் காண இம்மலைக்கு வந்தவர்கள் பலர். மலையில் வாழும் மனிதரைக் காண வந்தவர்கள் யாவர், அவர்கள் எவ்வாறு கண்டனர், கண்டதை எவ்வாறு எழுதினர் என்னும் வினாக்களே இக்கட்டுரையின் பொருள். சமூக மானிடவியல் என்னும் துறை எவ்வழி வளர்ந்தது என்பதை அறிய இம்மலையை விடப் பொருத்தமான ஏறுபடி தமிழ்நாட்டில் அரிது.

ஏழு நாய்களின் கதை

மலையாளி என்பது இம்மலையில் வாழும் பழங்குடியினரின் பெயர். மலையை ஆள்வோர், மலையின் ஆட்கள் என இருவகையாகவும் பொருள் கொள்ளப்படும் இப்பெயருக்கும் கேரள நாட்டாருக்கும் தொடர்பில்லை. இவர்தம் தாய்மொழி தமிழ், பட்டப்பெயர் கவுண்டர். 1881இல் ஏ.எஃப். காக்ஸ் தொகுத்து, 1890களில் எச்.ஏ. ஸ்டூவர்ட் திருத்திப் பதிப்பித்த வட ஆர்க்காடு மாவட்டக் கையேட்டில் இவர்களின் தோற்றக் கதை ஒன்று இடம் பெற்றுள்ளது. மலையாளிகள் அதனை ஓர் ஓலைச்சுவடியில் காத்து வைத்திருந்தனர் என்பது குறிப்பு.

சக ஆண்டு 1055இல், அதாவது கி.பி. பன்னிரண்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில், கங்குந்தி வேடர் சிலர் காஞ்சிபுரத்துக் காரைக்காட்டு வேளாளரிடம் பெண் கேட்டனர். வேளாளர் இகழ்ந்து மறுத்தனர். சினங்கொண்ட வேடர், ஏழு வேளாளக் கன்னியரைக் கவர்ந்து சென்றனர். அவர்களை மீட்க ஏழு ஆடவர் ஏழு நாய்களோடு புறப்பட்டனர். நாய்கள் மட்டும் தனித்துத் திரும்பினால் தாம் இறந்ததாகக் கொண்டு இறுதிக்கடன் செய்துவிடுமாறு மனைவியரிடம் சொல்லிச் சென்றனர். வழியில் பாலாறு பெருக்கெடுத்து ஓடியது. ஆடவர் அரும்பாடுபட்டுக் கடந்தனர். நாய்களோ பாதி நீந்தித் திரும்பிவிட்டன. வேடரைக் கொன்று அவர்கள் ஊர் மீண்டபோது, இறுதிச் சடங்குகள் நிறைவேறியிருந்தன; மனைவியர் கைம்மை பூண்டிருந்தனர். உயிரோடு இருந்தும் ஊர்க்கணக்கில் இறந்தவராகிய அவ்வெழுவரும் வேடர் குலப் பெண்களை மணந்து, சவ்வாது மலையேறி உழவு செய்தனர். அவர் வழியினரே மலையாளிகள்.

சேர்வராயன் மலையிலும் கொல்லி மலையிலும் பச்சை மலையிலும் இக்கதை வேறு வடிவில் வழங்குகின்றது. அங்கே காஞ்சியிலிருந்து பெயர்ந்து வந்தவர் மூன்று உடன்பிறந்தார். மலைக்கு ஒருவராகக் குடியேறி மூன்று கிளைகளுக்கு முதல்வராயினர். காஞ்சி என்னும் தொடக்கமும் மலை என்னும் முடிவும் இரண்டிலும் ஒன்றே. இடைப்பட்ட நிகழ்ச்சிகளே வேறு. நாயும் ஆறும் கைம்மையும் கொண்ட வடிவம் வடார்க்காட்டு மலைக்குரியது.

கூத்தர் காட்டிய வழி

மேனாட்டார் வருகைக்கு முன்னரே இம்மலைப் பகுதியைக் கண்டு எழுதிய நூலொன்று தமிழில் உண்டு. பத்துப்பாட்டின் இறுதிப் பாட்டாகிய மலைபடுகடாம், செங்கண்மாவை ஆண்ட நன்னன் சேய் நன்னனைப் பெருங்கௌசிகனார் பாடியது. சவ்வாது மலையின் அடிவாரத்துச் செங்கமே அச்செங்கண்மா. பாட்டில் வரும் நவிர மலையைப் பருவத மலை எனக் கொள்வது அறிஞர் மரபு.

பரிசில் பெற்று மீளும் கூத்தன், எதிர்வரும் கூத்தர்க்கு வழி சொல்வதாக அமைந்தது இவ்வாற்றுப்படை. எவ்விடத்தில் பன்றிக்குப் பொறி வைத்திருப்பர், எவ்விடத்தில் வழுக்கும், தினைப்புனங் காப்போர் எறியும் கவண்கல்லுக்கு எவ்வாறு ஒதுங்குவது, மலைவாணர் குடியில் என்ன சொல்லி நுழைவது, அவர்கள் எவ்வுணவு இடுவர் என்பனவெல்லாம் அதில் அடைவாக வருகின்றன. மலையில் எழும் ஓசைகளைப் புலவர் ஒவ்வொன்றாக எண்ணிக் காட்டுகின்றார். அவற்றுள் ஒன்று, புலி பாய்ந்த கணவனின் மார்புப் புண் ஆறுமாறு காவலாகக் கொடிச்சியர் பாடும் பாட்டு. உண்பது, உழுவது, நோய் தீர்ப்பது, விருந்தோம்புவது எனப் பிற்கால மானிடவியலார் தலைப்பிட்டுத் தேடிய செய்திகள் பல இங்கே வழிநடையோடு வழிநடையாகக் கிடைக்கின்றன. உள்ளே புகுவோன் அங்குள்ளோரின் விருந்தினன் என்னும் நிலையும் பாட்டு முழுவதும் காக்கப்படுகின்றது.

வழியில் பெயர் பொறித்த நடுகற்கள் நிற்கும் என்றும் கூத்தன் சொல்கின்றான். செங்கம் வட்டாரத்தில் கண்டெடுக்கப்பெற்ற நடுகற்கள் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறையால் இரா. நாகசாமியின் பதிப்பில் 1972இல் நூலாக வெளிவந்தபோது, இலக்கியச் சான்றும் கற்சான்றும் ஒரே நிலத்தில் கைகோத்தன. அவற்றுள் எடுத்தனூர் நடுகல் தனிச்சிறப்புடையது. மகேந்திரவர்மப் பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டில் எழுந்த அக்கல், வீரனின் பெயரோடு அவனுடைய நாயின் பெயரையும் பொறித்துள்ளது. கோவிவன் என்னும் அந்நாய் கள்வர் இருவரைக் கடித்து, தலைவனைக் காத்து நின்றது. அடிவாரத்துக் கல்லில் நாய் அகலாது நிற்கின்றது. மலைமேல் வழங்கும் கதையில் நாய் பாதி ஆற்றில் திரும்புகின்றது. ஒன்றுக்கொன்று தொடர்புடையன என்று இவற்றைக் கூற இயலாது. எனினும் வீரனுக்கும் அவன் சுற்றத்திற்கும் இடையே செய்தி தாங்கும் உயிராக நாயைக் கருதிய நிலத்தில்தான் அக்கதை வேர் கொண்டது என்பதை இக்கல் உணர்த்துகின்றது.

அளவுகோலும் பேரேடும்

1885 முதல் 1908 வரை சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்தவர் எட்கர் தர்ஸ்டன். 1901இல் இந்திய அரசு இனவரைவியல் கணக்கெடுப்பைத் தொடங்கியபோது சென்னை மாகாணப் பொறுப்பு அவரிடம் வந்தது. க. ரங்காச்சாரியின் துணையோடு அவர் தொகுத்த தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் என்னும் ஏழு தொகுதிகள் 1909இல் வெளிவந்தன. நான்காம் தொகுதியில் மலையாளிகள் இடம் பெற்றுள்ளனர்.

தலையின் நீள அகலத்தையும் மூக்கின் அளவையும் கருவி கொண்டு அளந்து குடிகளை வகைப்படுத்தலாம் என்பது அக்காலத்து நம்பிக்கை. அளவுகோல் இன்று மதிப்பிழந்துவிட்டது. ஆயினும் தர்ஸ்டன் எழுதிய வாக்கியங்கள் வாழ்கின்றன. மலையாளிகள் தொன்று தொட்ட மலைவாணர் அல்லர். சமவெளியிலிருந்து பிற்காலத்தில் குடிபெயர்ந்த தமிழ் உழவரே என்பது அவர் கருத்து. இதற்கு அடிப்படை, பெரிதும் அவர்களே சொன்ன காஞ்சிக் கதைகள். ஸ்டூவர்ட்டின் ஏழு நாய்க் கதையையும் தர்ஸ்டன் எடுத்தாண்டார். ஓலையில் இருந்த கதை அரசுக் கையேட்டுக்கு ஏறியது. கையேட்டிலிருந்து கலைக்களஞ்சியம் போன்ற பெருநூலுக்கு ஏறியது. ஒவ்வொரு படியிலும் கதை சொன்னவரின் குரல் மங்கி, எழுதினவரின் முடிபு ஓங்கியது.

உறவுப் பெயர்கள் கடல் கடந்தமை

இதே வட ஆர்க்காட்டு மண், உலக மானிடவியலுக்கு வேறொரு கொடையும் அளித்தது. அமெரிக்க வழக்கறிஞர் லூயிஸ் ஹென்றி மார்கன், செனகா இரக்வா மக்களிடையே தந்தையின் உடன்பிறந்தானையும் தந்தை என்றே அழைக்கும் முறையைக் கண்டு வியந்தார். வேலூர்ப் பகுதியில் சமயப் பணியாற்றிய ஆர்க்காடு மிஷனைச் சேர்ந்த ஸ்கட்டர் குடும்பத்தார் வழியாகத் தமிழ் உறவுப் பெயர்கள் அவரை எட்டின. பெரியப்பனும் சித்தப்பனும் அப்பனே. பெரியம்மையும் சின்னம்மையும் அம்மையே. மாமனும் அத்தையும் மட்டும் வேறு. இவ்வொப்புமையால் அமெரிக்கப் பழங்குடியினர் ஆசியாவிலிருந்து சென்றவர் என்பதை நிறுவிவிட்டதாக மார்கன் எண்ணினார். அம்முடிபு நிலைக்கவில்லை. எனினும் 1871இல் வெளிவந்த அவருடைய நூலே உறவுமுறை ஆய்வு என்னும் துறையைத் தொடங்கி வைத்தது.

எண்பதாண்டு கழித்து, மதுரைப் பகுதிப் பிரமலைக் கள்ளரிடையே களப்பணி செய்த பிரெஞ்சு அறிஞர் லூயி துய்மோன் 1953இல் அம்முடிச்சை அவிழ்த்தார். தமிழில் மாமன் என்னும் சொல் தாயின் உடன்பிறந்தானை மட்டுமன்றி, பெண் கொடுக்கும் வீட்டாரையும் குறிக்கின்றது. உறவுப் பெயர்த் தொகுதியே ஒரு மணமுறையின் வெளிப்பாடு. தலைமுறைதோறும் தொடரும் கொள்வினை கொடுப்பினையே அதன் உயிர் என்றார் அவர். தமிழர் நாள்தோறும் நாவில் புரட்டும் சொற்களில் ஒரு சமூக அமைப்பு பொதிந்து கிடப்பதை அயலார் எடுத்துக் காட்ட வேண்டியிருந்தது.

முதுகலை மாணவரும் களப்பணியும்

அயலூர் அலுவலரும் பாதிரிமாரும் எழுதி அனுப்பிய குறிப்புகளை நூலகத்தில் அமர்ந்து ஒப்பிடுவதே பத்தொன்பதாம் நூற்றாண்டு மானிடவியல். 1908இல் லிவர்பூல் பல்கலைக்கழகத்தில் சமூக மானிடவியல் பேராசிரியர் என்னும் பட்டத்தை முதன்முதல் பெற்ற ஜேம்ஸ் பிரேசரும் அத்தகையவரே. டபிள்யூ.எச்.ஆர். ரிவர்ஸ் 1898இல் டாரஸ் நீரிணைத் தீவுகளிலும், பின்னர் நீலகிரித் தோடரிடையேயும் நேரில் சென்று, ஒவ்வொருவரின் கொடிவழியைக் கேட்டு எழுதும் முறையை வகுத்தார். தோடர் பற்றிய அவர் நூல் 1906இல் வெளிவந்தது. முதல் உலகப் போர்க் காலத்தில் திரோபிரியான் தீவுகளில் தங்கி, அம்மக்கள் மொழியைக் கற்று, அவர்களிடையே வாழ்ந்து எழுதிய மாலினோவ்ஸ்கியின் நூல் 1922இல் வந்தபின், களப்பணியே இத்துறையின் வாயில் என்றாயிற்று.

இந்தியாவில் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் 1919இல் சமூகவியல் துறையும், அதனையடுத்துக் கல்கத்தாவில் மானிடவியல் முதுகலைப் படிப்பும் தோன்றின. பம்பாயில் குர்யேயின் மாணவராக இருந்த எம்.என். சீனிவாஸ், மைசூர் மண முறைகளைப் பற்றி முதுகலைப் பட்டத்திற்கு எழுதிய ஆய்வேடே 1942இல் நூலாயிற்று. முதுகலை மாணவரின் ஏடும் துறைக்கு அடிக்கல் ஆகலாம் என்பதற்கு அது சான்று. சென்னையில் 1940களில் பல்கலைக்கழகத் துறை உருவாயிற்று. தர்ஸ்டன் இருந்த அதே அருங்காட்சியகப் பொறுப்பில், இலண்டனில் மானிடவியல் முனைவர் பட்டம் பெற்ற ஏ. ஐயப்பன் அமர்ந்தார். தமிழ்த் துறைப் பக்கம் நா. வானமாமலையும் அவர்தம் நெல்லை ஆய்வுக் குழுவும் மக்கள் வழக்காறுகளைச் சமூக வரலாற்றுச் சான்றாக்கினர். பக்தவத்சல பாரதியின் பண்பாட்டு மானிடவியல் 1990இல் வெளிவந்து, இத்துறையைத் தமிழில் பயிலும் வாயிலைத் திறந்தது.

முதுகலையில் இத்துறையைப் பயில்வோர் கோட்பாடுகளைக் கற்றபின் ஓர் ஊரில் சில வாரங்கள் தங்குவது மரபு. வீட்டுக்கு வீடு குடிக்கணக்கு எடுப்பர், கொடிவழி வரைவர், விதைப்பும் அறுப்பும் எந்நாளில், பரியம் எவ்வளவு, பஞ்சாயத்தில் யார் எங்கே அமர்வர் என்று குறித்துக் கொள்வர். இவற்றினும் அடிப்படையான பாடம் ஒன்றுண்டு. கதையைக் கேட்டதும் 'இது உண்மையா' என்று வினவாமல், 'இதனை யார், யாரிடம், எப்போது சொல்கின்றனர்; சொல்வதால் என்ன நிகழ்கின்றது' என்று வினவப் பழகுவதே அது. தொன்மம் என்பது ஒரு சமூகத்தின் நடப்பு உரிமைகளுக்குரிய சாசனம் என்று மாலினோவ்ஸ்கி கூறியது இப்பொருளிலேயாகும்.

அவ்வினாவோடு ஏழு நாய்க் கதைக்கு மீண்டால், அது வேறு முகம் காட்டுகின்றது. சமவெளியார் முன் இக்கதை, 'நாங்கள் உங்களுக்குத் தாழ்ந்தவரல்லேம்' என்று மொழிகின்றது. அதே மூச்சில், 'உங்களுள் எமக்கு இடமில்லை. எமக்கு நீங்கள் கருமாதி செய்துவிட்டீர்கள்' என்று கணக்கும் தீர்க்கின்றது. பாலாறு இங்கே நீரோட்டம் மட்டுமன்று. கடந்தால் மீள இயலாத எல்லை. இறுதியாக, மலை எவ்வாறு அவர்க்கு உரியதாயிற்று என்னும் வினாவிற்கும் கதையில் விடை உண்டு. அவர்கள் மணந்தது காட்டுக்குரிய வேடர் குலப் பெண்களை. தந்தை வழியில் காஞ்சியும், தாய் வழியில் மலையும் அவர்க்கு வந்து சேர்ந்தன.

கையேட்டாரும் தர்ஸ்டனும் இக்கதையிலிருந்து குடிபெயர்ந்தோர் என்னும் முடிபுக்கு வந்தபோது, தந்தை வழியை மட்டுமே எண்ணினர். கதையின்படியே பார்த்தாலும், முதல் தலைமுறைத் தாய்மார் எங்கிருந்தும் குடிபெயர்ந்தவரல்லர். ஒரு மக்களின் பாதி முன்னோரைக் கணக்கில் விட்டுவிட்டுப் பெற்ற முடிபு நூறாண்டுக்கு மேல் சான்றாக எடுத்தாளப்பட்டு வருகின்றது.

கதை வழக்காகும்போது

இஃது ஏட்டளவில் நின்றிருப்பின் புலமைப் பூசலாக முடிந்திருக்கும். 1965இல் லோகூர் குழு, பழங்குடி எனக் கொள்வதற்குத் தொல்பழங்கூறுகள், தனித்த பண்பாடு, நிலவியல் தனிமை, பிறரோடு பழகக் கூசுதல், பின்தங்கிய நிலை என ஐந்து அளவைகளை வகுத்தது. 1976ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம், மலையாளிகளைத் தருமபுரி, வட ஆர்க்காடு, புதுக்கோட்டை, சேலம், தென் ஆர்க்காடு, திருச்சிராப்பள்ளி மாவட்டங்களில் மட்டும் பட்டியலில் இருத்தியது. அக்காலத்தில் கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்து, பின்னர் ஈரோட்டு மாவட்டத்திற்குட்பட்ட பர்கூர் மலையில் வாழ்வோர், அதே பெயரும் மொழியும் உடையவராயினும் பட்டியலுக்குப் புறம்பாயினர். சவ்வாது மலையார் உள்ளே நிற்க, பர்கூர் மலையார் வெளியே நிற்கின்றனர். இருவரையும் பிரிப்பது ஒரு மாவட்டக் கோடு.

1994இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில், சாதிச் சான்று கோருவோரின் தெய்வம், சடங்கு, மணமுறை, ஈமக்கடன் முதலிய மானிடவியல் கூறுகளை ஆராய்ந்து உறுதி செய்ய வேண்டும் என்று நெறி வகுத்தது. முதுகலை மாணவரின் வினாப்பட்டியல் அவ்வழியே அதிகாரியின் கைக்கு வந்தது. உயர்நிலைப் பள்ளி முடித்து நகரத்தில் பயிலும் மலைப்பிள்ளை, பாட்டன் காலத்து ஈமச் சடங்கை ஒப்பிக்க வேண்டிய நிலை எழுந்தது. ஒப்பிக்க இயலாவிடின் ஐயம்; காஞ்சிக் கதையை ஒப்பித்தாலோ அதனினும் பெரிய ஐயம். பெருமைக்காகப் பாட்டி சொன்ன கதை பேரனுக்கு எதிர்ச்சான்றாகும் விந்தை இது. பண்பாட்டு ஒப்புமை ஒன்றே முடிந்த முடிபான உரைகல் ஆகாது என்று 2023இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது, காலம் தாழ்ந்தாலும் தகுந்ததே. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பழங்குடியினர் 7,94,697 பேர். அவர்களுள் மலையாளிகளே மிகப் பலர். ஏறத்தாழ மூன்றரை இலட்சத்தினர். இவ்வொரு வாக்கியத்தின் நிழல் எத்தனை குடும்பங்கள் மீது விழக்கூடும் என்பதை இத்தொகை காட்டும்.

சாதிச் சான்றுக்கு அப்பாலும் மலையின் துயர் உண்டு. சந்தனத்திற்குப் பெயர் பெற்ற இக்காட்டில் பிறந்தோர், கூலிக்காக அயல் காடு சென்று உயிரிழந்ததும் அண்மை வரலாறு. 2015ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாள் ஆந்திர மாநிலச் சேசாசலக் காட்டில் செம்மரம் வெட்ட வந்தோர் எனச் சுட்டுக் கொல்லப்பட்ட இருபதின்மருள் சவ்வாது மலையாரும் இருந்தனர். அன்றும் ஆடவர் போயினர், மனைவியர் கைம்மையுற்றனர். இம்முறை திரும்பி வந்து பார்க்கத்தான் எவருமில்லை.

மலையின் எழுத்து

2024இல் சவ்வாது மலைப் பகுதிப் பழங்குடிப் பெண் ஒருவர் உரிமையியல் நீதிபதித் தேர்வில் வெற்றி பெற்றார். விசாரிக்கப்பட்ட குடியிலிருந்து விசாரித்து முடிபு கூறும் இருக்கைக்கு ஒருவர் வந்திருக்கின்றார். மானிடவியலிலும் இதுவே நிகழ வேண்டும். ஆங்காங்கே நிகழத் தொடங்கியும் உள்ளது. மலைப்பிள்ளைகள் முதுகலை வகுப்பில் அமர்ந்து, தர்ஸ்டனின் நான்காம் தொகுதியைத் தம் வீட்டுக் கதையாகப் படிக்கும்போது, அதுவரை எவரும் கேளாத வினாக்கள் எழும். 'என் பாட்டி இதை இப்படிச் சொல்லவில்லையே' என்னும் ஒரு வாக்கியம் போதும். ஒரு தொகுதி முழுவதும் மறுவாசிப்புக்கு உள்ளாகும்.

கவிஞர்க்கும் இதில் பங்குண்டு. குறிஞ்சி என்றதும் தேனும் தினையும் அருவியும் பாடிவிட்டு இறங்கிவிடும் வழக்கம் நம்மிடம் உண்டு. பெருங்கௌசிகனாரோ ஓசைகளுக்கு நடுவே புண்ணுற்றவனின் மனைவி பாடியதையும் கேட்டார். எடுத்தனூர்க் கல் பொறித்தவன் ஒரு நாயின் பெயரையும் விடாது பொறித்தான். ஆவணத்திற்கு வந்து சேர்ந்த ஏழு நாய்க் கதையிலோ, கவரப்பட்ட கன்னியர் எழுவர்க்கும் பெயரில்லை. காஞ்சியில் கைம்மை பூண்டோர்க்கும் பெயரில்லை. மலைக்குத் தாயான வேடர் மகளிர்க்கும் பெயரில்லை. மீட்கப்பட்ட கன்னியர் பின் என்னாயினர் என்பதையும் கதை சொல்லவில்லை. மலையூர்த் திண்ணைகளில் அப்பெயர்கள் இன்னும் வழங்கக்கூடும். கேட்பதற்கு உரியவர், சமுனாமரத்தூர்ப் பேருந்தில் நோட்டுப் புத்தகத்தோடு வீடு திரும்பும் அம்மலையின் மகளாகவே இருக்கலாம்.